முதலுதவி அறைக் கதவில் உன் பெயர்

கண்ணு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள். போன் சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்தால், அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தூங்கு. காலையில் படித்தால் போதும். பகலில் நம்ம பனியன் கம்பெனியில் எழுத உட்கார்ந்தால் லேபிள் எங்கே, பாலிபேக் எங்கே என்று யாராவது வந்து நிற்கிறார்கள். நீ சைனாவில் இருந்தபோது உனக்கும் எனக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நான் படுக்கும்போது அங்கே நடுராத்திரி தாண்டியிருக்குமே என்று, பேச நினைத்ததைக் காலைக்குத் தள்ளிவைப்பேன். இப்போது நீ சென்னையில், நான் நெருப்பெரிச்சலில், இரண்டு பேருக்கும் ஒரே மணிதான். ஆனால் எந்நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பாய் என்று தெரியவில்லை.

உன்னைப் பற்றி இப்போது எனக்குத் தெரிவதெல்லாம் உன்னோடு படித்த ஈரோட்டுப் பெண் சொல்லித்தான். மெடிக்கல் கோடிங் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாயாம். அமெரிக்காவில் யாரோ கால் ஒடித்துக்கொண்டால், அந்த ஒடிவுக்கு என்ன நம்பர் என்று பார்த்து பில்லில் போடும் வேலையாம். வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய பரீட்சைக்கு இந்த முறை நீ விண்ணப்பமே போடவில்லை என்றும், கடைசித் தேதி நெருங்குகிறது என்றும் அவள் சொன்னாள். இனிமேல் வெள்ளைக் கோட்டைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறாய். இரண்டு முறை தேறாமல் போனபோதுகூட நீ அப்படிச் சொல்லவில்லையே. அதை யோசிக்க யோசிக்க எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நாம் இரண்டு பேரும் சேர்ந்தே வளர்ந்தவர்கள், கண்ணு. பி.ஏ. வரலாறு படிக்கும்போதே எனக்குக் கல்யாணம். கடைசி வருஷப் பரீட்சை எழுதும்போது நீ வயிற்றில். பட்டம் வாங்கப் போன அன்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன், நீ என் கறுப்பு அங்கியின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு அந்த வரலாற்றை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை. இங்கிலீஷ் தெரியும் என்று உன் அப்பா, நம்ம சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எழுதக் கொடுத்தார், பிறகு ஆடிட் பேப்பர் முழுக்க என் தலையில் வந்தது. அதனால்தான் உனக்கு இங்கே மெடிக்கல் சீட் கிடைக்காமல் போனபோது, வேறு ஏதாவது படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சைனா என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பூண்டி அத்தை ஒரு கல்யாணப் பந்தியிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, சைனா சாமானத்துக்கெல்லாம் வாரண்டி கெடையாதுங்கறாங்க. சைனா டாக்டருக்கு எப்புடி?" நீ மோரை ஊற்றிக்கொண்டே, "வந்ததும் மொத ஊசி உங்களுக்குத்தானுங்கத்தை. வலிச்சா மாத்திக் குடுத்தர்றேன்" என்றாய். பந்தியே சிரித்தது. அன்றைக்கு எனக்கு உன்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அங்கே போன புதிதில் நீ கூப்பிட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அறுத்துப் படிக்க வைத்திருக்கும் உடம்புக்கு முன்னால் வகுப்பு முழுவதும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினோம், அவர்களைப் பிணம் என்று சொல்லக் கூடாது, ஆசிரியர் என்றுதான் சொல்ல வேண்டும் என்றாய். நான் அதையெல்லாம் காதில் வாங்காமல், தலைக்குக் குளித்தாயா என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் வாரா வாரம் ஏதாவது சொல்வாய். எனக்குக் கல்லூரியில் சைனா மொத்தமே இரண்டு பாடம், அபினிப் போர் ஒன்று, புரட்சி ஒன்று. அத்தனை பெரிய தேசத்தில் டாக்டர்கள் எப்படி உண்டானார்கள் என்று ஒரு வரி கிடையாது. அதைச் சொல்லிக்கொடுத்தது நீ.

முன்னே அங்கேயும் வைத்தியம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன ஒன்றுதான் என்றாய். பிறகு கப்பலில் பாதிரிமார்கள் வந்து ஆஸ்பத்திரி கட்டினார்கள். உங்கள் கல்லூரியே ஒரு வெள்ளைக்கார அம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரிதானாம். கட்டுப்போட உதவிக்கு நின்ற உள்ளூர்ப் பெண்களுக்கு அந்த அம்மா பாடம் சொல்ல ஆரம்பித்து, அது வகுப்பாகி, பள்ளிக்கூடமாகி, கல்லூரியானதாம். ஒரு ஊரில் இங்கிலீஷில் நடத்தினார்கள், இன்னொரு ஊரில் ஜெர்மனில், ஜப்பான் போய்ப் படித்தவர்கள் அவர்கள் வழியில். ஒரு கல்லூரி டாக்டர் பேசுவது இன்னொரு கல்லூரி டாக்டருக்குப் புரியாது, ஒரே நோய்க்கு ஆளுக்கொரு பெயர். நம்ம கம்பெனியில் ஒடிசாக்காரரும் மதுரைக்காரரும் ஒரே மெஷினை ரிப்பேர் பார்ப்பது மாதிரியா என்று கேட்டேன், அதேதாம்மா என்றாய். இடையில் ஒரு அரசாங்கம் நாட்டு வைத்தியத்தையே ஒழித்துவிடப் பார்த்தது, வைத்தியர்கள் கடையடைத்துச் சண்டை போட்டார்கள். புரட்சிக்குப் பின்னால் வந்த அரசாங்கம் அதே நாட்டு வைத்தியத்துக்குத் தனிக் கல்லூரி கட்டிக் கொடுத்தது. நீ சொல்லச் சொல்ல, நான் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்புறம் கலாச்சாரப் புரட்சி வந்தது. நுழைவுத் தேர்வை நிறுத்திவிட்டார்கள், வகுப்புகள் நின்றன, படித்துக்கொண்டிருந்தவர்களை வயல்வேலைக்கு அனுப்பினார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் சிலரைப் பொறுக்கி, சில மாதம் பயிற்சி கொடுத்து, தோளில் ஒரு மருந்துப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். வெறுங்கால் டாக்டர்கள் என்று அவர்களுக்குப் பெயர். சில மாசம் படிச்சா டாக்டரா சாமி என்று நான் இளக்காரமாகக் கேட்டேன். நீ கோபித்துக்கொண்டாய். யாருமே இல்லாத ஊரில் அவர்களாவது இருந்தார்களே என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்கள்தான் அவர்களில் நல்ல டாக்டர்கள் என்று உங்கள் பிரசவ வார்டு மேடம் சொல்வார் என்றாய். அந்த மேடத்தின் அம்மாவே ஒரு வெறுங்கால் டாக்டர். தேர்வெல்லாம் திரும்பி வந்து, வெறுங்கால் டாக்டர் என்ற பெயரையே எடுத்துவிட்டு, பரீட்சையில் தேறினவர்கள்தான் இனிமேல் கிராம டாக்டர் என்று சொன்னபோது அந்த அம்மா தேறவில்லை. பெட்டியை ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் ஊர்க்காரர்கள் வந்து கதவைத் தட்டிக்கொண்டேதான் இருந்தார்களாம். அந்த அம்மா யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வந்தவர்களோடு கூடவே பெரியாஸ்பத்திரி வரைக்கும் நடந்து போவாராம். இதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மாறியது. எனக்கு அப்போது சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் நேரம். சரி கண்ணு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

சைனாக்காரர்களுடைய புத்தாண்டு லீவுக்கு ஒரு பெட்டியோடு வந்தாய். கொரோனாவில் திரும்பிப் போக முடியாமல் அந்தத் தேசத்து வாசல் அடைத்துவிட்டது. வார்டில் நின்று படிக்க வேண்டிய வருஷங்களை நம்ம கம்பெனி மாடியில், கீழே நிட்டிங் மெஷின் ஓடும் சத்தத்தில், போனில் படித்தாய். அந்தப் பக்கம் மேடம் யாரோ ஒருத்தியின் வயிற்றில் கை வைத்துக் காட்டுவார், இந்தப் பக்கம் நீ தலையணையில் கை வைத்துப் பார்ப்பாய். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்த ஊரில் வயலுக்கு அனுப்பப்பட்டுப் பாதியில் நின்றுபோன பிள்ளைகளைப் பற்றி நீ அவ்வளவு சொல்லியும், நம்ம கம்பெனி மாடியிலேயே ஒருத்தி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை. என் பாடப் புத்தகமாக இருந்தால் தேர்வு நின்றது, தேர்வு மீண்டும் நடந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பரீட்சைதானே, எழுதினால் முடிந்தது என்று.

இனி அந்த ஆடிட். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்களுக்கு வசதியெல்லாம் இருக்கிறதா என்று பையர் தரப்பில் ஆள் வந்து பார்க்கும் ஆடிட் என்றால் நமக்குப் பண்டிகை மாதிரி. குழந்தைகள் அறைக்குப் பொம்மை வரும், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் புது டம்ளர் வரும், டைலர்கள் எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பார்கள், மறுநாள் எல்லாம் பரணுக்குப் போய்விடும். முதலுதவி அறைக்கு வாரம் ஒருமுறை டாக்டர் வர வேண்டும் என்பது பையரின் விதி. வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். நான் யோசிக்கவே இல்லை. சைனாப் படிப்பை முடித்த ஒரு டாக்டர் வீட்டிலேயே இருக்கும்போது என்ன என்று உன் பெயரை அடித்து, முன்னால் டாக்டர் என்று போட்டு, ஒரு பலகை செய்து கதவில் மாட்டினேன். நீ வேண்டாம் என்றாய். ஒருநாள் கூத்துத்தான கண்ணு, கோட்ட மாட்டிட்டு உக்காரு போதும் என்றேன். ஆடிட்டுக்கு வந்த பெங்களூர் பெண் உன்னிடம் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள், பிராசஸ்ல இருக்குங்க மேடம் என்று நான் முந்திக்கொண்டேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் அதற்குள் தீயணைக்கும் சிலிண்டரில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

எல்லாச் சாமானும் பரணுக்குப் போனது, அந்தப் பலகை மட்டும் போகவில்லை. மறுபடி பார்க்க வந்தாலும் வருவார்கள் என்று விட்டுவைத்தேன். இல்லை, அது மட்டும் காரணமில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டு போக எனக்குப் பிடித்திருந்தது.

செக்கிங்கில் இருந்த பிங்கி, ஜார்க்கண்ட் பெண், எட்டு மாதக் கர்ப்பம். நானே வீட்டுக்குப் போகச் சொல்லியும் ஷிப்மென்ட் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று நின்றவள். அன்று காலை தலைவலி என்று வந்து, பலகையைப் பார்த்து நேராக அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் நீட்டிய கோட்டை மாட்டிக்கொண்டு பி.பி. பார்த்தாய். பார்த்ததும் உன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு, உடனே ஆஸ்பத்திரி போகணும் என்றாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தியில் தீதி, அக்கா என்று கூப்பிட்டு, நீங்களே மாத்திரை கொடுங்கள், அங்கே போனால் ஒருத்தருக்கும் என் பாஷை புரியாது என்றாள். கம்பெனி வண்டி கார்ட்டன் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நூற்றி எட்டைக் கூப்பிடப் போனை எடுத்தாய். நான்தான் உன்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், இப்பத்தான் ஆடிட் முடிஞ்சிருக்கு, கேட்டுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்தா ஊரெல்லாம் பேச்சாயிரும், வண்டி வந்ததும் நம்ம வண்டியிலயே போலாம், அதுவரைக்கும் படுக்க வச்சுப் பாரு, நீதான் டாக்டரு என்றேன்.

"நான் டாக்டர் இல்லீங்கம்மா" என்றாய். "அத அன்னிக்கே சொல்ல விட்டிருந்தீங்கன்னா, இவ இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்திருப்பா."

அப்படிச் சொன்னாய். ஆனாலும் நான் கேட்டதற்காகப் போனைக் கீழே வைத்தாய். பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே திரும்பத் திரும்ப பி.பி. பார்த்தாய். வண்டி வருவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் யார் முதலில் பார்த்தது, ஏன் உடனே கூட்டிவரவில்லை என்று கத்தினார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான்தாங்க பார்த்தேன் என்று நீ முன்னால் போனாய். நீ டாக்டரா என்றார். இல்லீங்க என்றாய். நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பெங்களூர் பெண் முன்னால் அத்தனை வேகமாக முந்திக்கொண்ட என் வாய், அங்கே திறக்கவில்லை. பிங்கி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. வெளியே வந்து, கோட்டைக் கழற்றி வண்டி சீட்டில் வைத்துவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகு நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஊருக்குப் புறப்படும் முன்னால் பிங்கியும் அவள் புருஷனும் கம்பெனிக்கு வந்தார்கள். அவள் இளைத்துப்போயிருந்தாள். உன்னைத்தான் முதலில் கேட்டாள், தீதி எங்கே என்று. நான் சென்னை என்றேன். பிறகு தன் புருஷன் தள்ளிப் போனதும் என் பக்கத்தில் வந்து, பிறந்தது பையனா பெண்ணா என்று கேட்டாள். அவளுக்கு நினைவு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, அப்புறம் அவள் இந்தியில் கேட்டது அங்கே யாருக்கும் புரியவில்லை, புருஷனும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், கண்ணு. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில், லட்கி, பெண் பிள்ளை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். என்னைத் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன் என்று தோன்றுகிறது.

நீ போனைக் கீழே வைத்ததற்காகத்தான் கோட்டைக் கழற்றினாய் என்பது எனக்கு இப்போது புரிகிறது. பரீட்சையில் தேறாததால் இல்லை. அந்த ஒரு நேரம் நீ தெரிந்ததை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று உன்னையே நீ மன்னிக்கவில்லை. ஆனால் யாரிடம் விட்டுக்கொடுத்தாய் என்று பார். இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த அம்மா சொன்னாள் என்று விட்டுக்கொடுத்தாய். வியாதி என்னவென்று நீ சரியாகத்தான் பார்த்தாய். எங்கே போக வேண்டும் என்று சரியாகத்தான் சொன்னாய். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாய். அந்தக் குழந்தைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், நீ இல்லை. இனி வார்டிலோ வேறு எங்கோ உனக்குப் பெரியவர்கள் யாராவது, ஏன் நானே வந்து நின்று, கொஞ்சம் பொறு என்று சொன்னால், பொறுக்காதே. உனக்கு நான் சொல்ல நினைக்கும் புத்தி இது ஒன்றுதான்.

நேற்று ஆடிட் ஆபீசுக்கு மெயில் போட்டேன். எங்கள் கம்பெனியில் டாக்டர் கிடையாது, அன்றைக்கு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இன்னும் இந்தியாவில் பதிவு இல்லை, அவள் சொல்ல வந்ததைத் தடுத்தது நான், அதற்குப் பிறகு ஒரு தொழிலாளிக்கு இப்படி ஆனது என்று எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அனுப்பறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்றார். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க என்றேன். ஆமா, சொல்லியிருப்பேன் என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் எழுந்ததும் அவரே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைக் கழற்றினார். பையர் ஆர்டரை நிறுத்துவார்களா, இல்லையா, இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. செக்கிங்கில் இருக்கும் அத்தனை பெண்களையும் நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன்.

நீ பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காக நான் அந்த மெயிலைப் போடவில்லை. எழுது, எழுதாமல் இரு. எழுதாவிட்டாலும் நீ எனக்குக் குறைந்துபோக மாட்டாய். ஆனால் நான் செய்ததற்காக நீ படித்ததை விட்டுவிடாதே. நீயாக யோசித்து, இது எனக்கு வேண்டாம் என்று விட்டால், சரி. அப்படியா, இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

இதைப் படித்ததும் பதில் போடு, கண்ணு. கோபமாக இருந்தாலும் போடு. ரொம்ப நாள் ஆக்காமல் சீக்கிரம் போடு.

அம்மா